வாசிக்காத யாங்சின்

சவரிமுத்து மலேசியாவின் ஈப்போவில் கல்யாண மண்டபங்களுக்கு ஒலிபெருக்கி கட்டியே ஐம்பது வயதைத் தாண்டியவர். “சத்தத்தைப் பெருசாக்கத் தெரியும், பிடிச்சு வைக்கத் தெரியாது” என்று சொல்லிக்கொண்டுதான் குமுதவல்லியிடம் ஒலிப்பதிவு கற்க வந்தார். குமுதவல்லி வயதில் அவரைவிட மிகவும் இளையவர். அவரை அண்ணே என்று கூப்பிடுவார். சவரிமுத்து அவரை டீச்சர் என்பார்.

அன்று ஸ்டூடியோவுக்குத் திருமதி லியோங், எர்ஹு என்ற சீன வாத்தியத்தை வாசிக்க வருவதாக இருந்தது. இரண்டே கம்பி, அடியில் பாம்புத்தோல் போர்த்திய சின்னப் பெட்டி. வில்லால் இழுத்து வாசிப்பது. பெட்டி எந்த உயரத்தில் இருக்கும் என்று பார்த்து, சவரிமுத்து மைக்கை அதற்கு ஒட்டினாற்போல வைத்தார்.

“இவ்வளவு கிட்டவா, அண்ணே?”

“சத்தம் அங்கேருந்துதானே வருது, டீச்சர்?”

குமுதவல்லி மைக்கை நகர்த்தாமல் விட்டார். திருமதி லியோங் வந்து உட்கார்ந்து வில்லைக் கையில் எடுத்த பிறகு, “மைக் இருக்கிற இடத்துல உங்க காதை வைங்க” என்றார்.

சவரிமுத்து மண்டியிட்டுக் காதை வைத்தார். வில் ஒருமுறை இழுபட்டது. தலையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“என்ன கேட்டுச்சு?”

“ரம்பத்தால அறுக்கிற மாதிரி இருக்கு.”

“எந்திரிச்சுப் பின்னாடி வாங்க. பாட்டாக் கேக்குற இடத்துல நில்லுங்க.”

அவர் மெல்லப் பின்வாங்கினார். ஓரிடத்தில் நின்றார். குமுதவல்லி மைக்கைக் கொண்டுவந்து அவர் காதுப் பக்கத்தில், கீழ்நோக்கிச் சாய்த்துப் பொருத்தினார்.

பிறகு வேன்காரர்கள் இரண்டு பேர் ஒரு யாங்சினைத் தூக்கி வந்தார்கள். அகலமான மரப்பெட்டி, அதன்மேல் நெருக்கமாகக் கம்பிகள். மெல்லிய மூங்கில் குச்சிகளால் தட்டி வாசிப்பார்கள். திருமதி லியோங் அதைத் தன் இடது பக்கத்தில் வைக்கச் சொன்னார். கம்பி முறுக்கும் சாவியை எடுத்து ஒவ்வொரு கம்பியாகச் சுருதி சேர்த்தார். வெகு நேரம் பிடித்தது. முடித்துவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பினார்.

குமுதவல்லி யாங்சினுக்கு மேலே இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டார்.

“இதை வாசிக்கிறவர் எப்ப வருவாரு?” என்று சவரிமுத்து கேட்டார்.

“வரமாட்டாரு.”

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், பதிவுக் கருவிகள் இருந்த அறைக்கு வந்த பிறகுதான் குமுதவல்லி விவரம் சொன்னார். யாங்சின் வாசித்தவர் திருமதி லியோங்கின் கணவர். சுண்ணாம்பு மலையடியில் இருந்த ஒரு குகைக் கோயிலைக் கூட்டிப் பெருக்கப் போனார். மலையின் ஒரு பக்கம் சரிந்து விழுந்தது. மீட்புக்காரர்கள் தோண்டினார்கள். மேலே இன்னொரு பாறை விரிசல் விட்டதைப் பார்த்துத் தோண்டுவதை நிறுத்திவிட்டார்கள். அவர் இன்னும் அதன் அடியில்தான் இருக்கிறார்.

“நாளைக்குச் சடங்கு” என்றார் குமுதவல்லி. “சவப்பெட்டிக்குள்ள அவரோட சட்டையும் செருப்பும்தான் வைக்கப் போறாங்க. ஆன்ட்டி அதுக்கு முன்னாடி முட்டி போட்டு உக்காந்திருக்கணும், வாசிக்க முடியாது. அதனாலதான் பதிவு.”

“ரெண்டு பேரும் சேர்ந்து வாசிச்ச பாட்டா?”

“ஆமா. இவங்க பங்கை மட்டும் வாசிப்பாங்க.”

சவரிமுத்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

திருமதி லியோங் வாசித்தார். கணவர் வாசிக்க வேண்டிய இடம் வந்ததும் வில்லை நிறுத்தி, உள்ளுக்குள் தாளத்தை எண்ணிக் காத்திருந்தார். பிறகு மறுபடி வாசித்தார். அந்த இடைவெளிகளில் ஏதோ முனகுவதுபோல ஒரு ஒலி. மெல்ல எழுந்து தானாகவே அடங்கியது.

வெந்நீர் கொண்டுவர குமுதவல்லி கீழே போயிருந்தார். சவரிமுத்து கருவியில் ஒவ்வொரு மைக்கின் ஒலியாக அடைத்துக் கேட்டுப் பார்த்தார். எர்ஹுவின் ஒலி பட்டு யாங்சின் கம்பிகள் தாமாக அதிர்ந்துகொண்டிருந்தன. மண்டபங்களில் இப்படி ஏதாவது அதிர்ந்தால் என்ன செய்வார் என்று அவருக்குத் தெரியும். வாசிப்பு ஓய்ந்ததும் உள்ளே போனார். தடித்த போர்வை ஒன்றைக் கம்பிகள்மேல் விரித்து அழுத்திவிட்டு வந்தார். திருமதி லியோங் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

மறுபடி தொடங்கினார்கள். முதல் இடைவெளி வந்தது. மிகச் சுத்தமான நிசப்தம். சவரிமுத்துவுக்குத் திருப்தியாக இருந்தது.

திருமதி லியோங் தொடரவில்லை. வில் மடியில் விழுந்தது.

“அவர் நிறுத்திவிட்டார்” என்று மலாயில் சொன்னார். கண்ணைத் திறக்கவில்லை. “ஏன் நிறுத்திவிட்டார்?”

சவரிமுத்து கதவுப் பக்கம் திரும்பினார்.

குமுதவல்லி வெந்நீரோடு வந்து கதவருகே நின்றிருந்தார். உள்ளே போனார். போர்வையைக் கம்பிகளில் உரசாமல் தூக்கி எடுத்து மடித்தார். கிளாஸைத் திருமதி லியோங்கின் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தார்.

“இப்ப வாசிங்க, ஆன்ட்டி.”

இம்முறை அவர் எங்கும் நிற்காமல் கடைசிவரை வாசித்தார். ஒவ்வொரு இடைவெளியிலும் அந்த முனகல் எழுந்தது. பாதியில் சவரிமுத்து ஹெட்போனைக் கழற்றினார்.

“மாட்டுங்க” என்றார் குமுதவல்லி.

மாட்டிக்கொண்டார்.

பதிவைப் போட்டுக் காட்டினார்கள். திருமதி லியோங் நின்றபடியே கேட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“அவர் மைக்கைக் கொஞ்சம் கூட்ட முடியுமா?”

குமுதவல்லி யாங்சின் மைக்குகளின் ஒலியைக் கூட்டினார்.

“இன்னும் கொஞ்சம்.”

இன்னும் கூட்டினார். திருமதி லியோங் தலையசைத்தார். எர்ஹுவை உறையில் போட்டு மூடினார். வேன்காரர்கள் யாங்சினைத் தூக்க, அதன் ஒரு ஓரத்தில் கை வைத்தபடியே அவரும் படியிறங்கினார்.

சவரிமுத்து கேபிள்களைச் சுருட்ட ஆரம்பித்தார். ஒன்றைச் சுருட்டிவிட்டு நின்றார்.

“டீச்சர், நாம பண்ணது சரியில்ல.”

“எது?”

“அது வெறும் கம்பி. அதிர்ந்துச்சு, அவ்வளவுதான். நாளைக்குக் காலிப்பெட்டி முன்னாடி உக்காந்துகிட்டு, புருஷன்தான் வாசிக்கிறாருன்னு அந்தம்மா கேட்டுக்கிட்டு இருப்பாங்க. மலைக்கடியில கிடக்கிற மனுஷன். உண்மையைச் சொல்லியிருக்கணும். பாவம், அவங்களுக்குத் தெரியல.”

குமுதவல்லி யாங்சின் இருந்த இடத்துக்கு மேலே தொங்கிய மைக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.

“ஆன்ட்டி முதல்ல வேற ஸ்டூடியோவுக்குப் போன் பண்ணிருக்காங்க, அண்ணே. அங்க முடியாதுன்னுட்டாங்களாம். அப்புறம்தான் எனக்குப் பண்ணாங்க. வேற எதுவுமே கேக்கல. யாரும் தொடாதப்ப கம்பி தானா அதிருமே, அது மைக்குல விழுமான்னு கேட்டாங்க. விழும்னேன். அப்ப வரேன்னாங்க.”