மூணு ஆள் எடைக்கு வச்ச செயின்

மொட்டைப்பனைவிளைக்காரர்களுக்கு அறிவு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறது. செலவழித்தால் தீர்ந்துவிடுமே என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதிலும் சேர்மத்துரை, கொம்பையா, ஜெபசிங் என்ற மூன்று கூட்டாளிகள் இந்த விஷயத்தில் மகா சிக்கனம்.

சேர்மத்துரைக்குத் தங்கக்கனி மேல் உயிர். அவள் வீடு தேரிக்காட்டின் நடுவில், நாலு பக்கமும் செம்மணல். அவள் அப்பா பலவேசம் கருப்பட்டி வியாபாரி. கறாரான மனுஷன்.

"என் மவளக் கட்டுதவன் வண்டியோட என் வாசலுக்கு வரணும். வண்டி வராதுன்னா, நாளைக்கு அவளத் தாய்வீட்டுக்கு எப்படிக் கூட்டிட்டு வருவான்? ஞாயித்துக்கெழம உச்சிக்குள்ள வா. இல்லன்னா என் தங்கச்சி மவனுக்குப் பரிசம் போட்டுருவேன்."

ஏற்கெனவே இரண்டு மாப்பிள்ளைகள் வந்து, நடுமணலில் செயின் அறுந்து, நடந்தே ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

மூவரும் அலைந்து திரிந்து, மணலில் ஓடக்கூடிய ஒரு பழைய டர்ட் பைக்கைப் பிடித்தார்கள். மெக்கானிக் அருளப்பன் புதுச் செயினும் பல்சக்கரமும் மாட்டிக் கொடுத்துவிட்டு, விரலை நீட்டிச் சொன்னார்:

"மணல்ல ஓடுத வண்டிக்குச் செயின்தாம்ல உசுரு. ஆள் உக்காந்திருக்கும்போது மூணு விரல் போற அளவுக்குத் தொய்வு இருக்கணும். மண்ணு ஒட்டுனா உடனே பழைய பிரஷ்ஷை வச்சு மண்ணெண்ணெயில கழுவிரணும். அம்புட்டுத்தான்."

வீட்டுக்கு வந்ததும் கொம்பையா தாடையைத் தடவினான்.

"ஆள் உக்காரணும்னாரே, எந்த ஆளுன்னு சொல்லலியேல."

"மாப்ள நாந்தானே, நான் உக்காருதேன்," என்றான் சேர்மத்துரை.

"அப்ப நாங்க ஆள் இல்லையா?" ஜெபசிங்குக்குக் கண் கலங்கிவிட்டது.

சிநேகிதம் பெரிதா, செயின் பெரிதா? மூவரும் ஏறி உட்கார்ந்தார்கள். முன்னால் சேர்மத்துரை, நடுவில் கொம்பையா, கடைசியில் ஜெபசிங். ஜெபசிங் உட்கார்ந்தபடியே தலைகீழாகத் தொங்கி, மூணு விரலை விட்டு அளவு பார்த்துச் செயினைச் சரிசெய்தான். கச்சிதம். இனி மூவரும் ஏறாமல் வண்டியை எடுப்பதில்லை என்று சத்தியமும் செய்துகொண்டார்கள்.

அடுத்த சிக்கல் பிரஷ். இருந்தது புது பிரஷ். அருளப்பன் கேட்டது பழசு. சனிக்கிழமை முழுக்க மூவரும் மாறி மாறி அதில் பல் தேய்த்தார்கள். சாயங்காலம் ஈறு வீங்கி யாருக்கும் சோறு இறங்கவில்லை. ஆனால் பிரஷ் பழசாகிவிட்டது.

ஞாயிறு காலை புது வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மணலில் ஒரு கூப்பிடு தூரம் போயிருப்பார்கள்.

"நிறுத்துல! செயின்ல மண்ணு!" என்று கத்தினான் ஜெபசிங்.

கழற்றினார்கள், கழுவினார்கள், காயட்டும் என்று பக்குவமாக மணலில் வைத்தார்கள். எடுத்துப் பார்த்தால் மறுபடி மண்!

"இந்தக் காட்டு மண்ணுக்குக் கொழுப்பப் பாத்தியா!" என்று கொதித்தான் கொம்பையா. மறுபடி கழுவினார்கள், மறுபடி வைத்தார்கள். மண்ணெண்ணெய் கேன் காலியாகும்வரை மண்ணும் விடவில்லை, இவர்களும் விடவில்லை. கடைசியில் சேர்மத்துரை சட்டையால் துடைத்து மாட்டினான்.

வெயில் ஏறிவிட்டது. சேர்மத்துரைக்கு அழுகையே வந்துவிட்டது. "உச்சி ஆகப்போகுதுல! என் கனியை அவன் கொண்டுட்டுப் போயிருவாம்ல!"

"வண்டிய ஓட்டுனாத்தானே மண்ணு தெறிக்கும்? மெள்ளத் தள்ளிட்டுப் போவோம்," என்றான் ஜெபசிங்.

"நாம எறங்குனா எடை கொறஞ்சு அளவு கெட்டுருமே!" என்றான் சேர்மத்துரை.

கொம்பையா யோசித்தான். பிறகு வேட்டியை அவிழ்த்தான். மூன்று வேட்டியிலும் அவரவர் எடைக்கு மணலை மூட்டை கட்டி, அவரவர் இடத்தில் ஏற்றினார்கள். மூட்டைகளோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு, மூவரும் பட்டாபட்டி டிராயரோடு பலவேசம் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, நிழல் காலடியில் கிடந்தது.

பரிசத்துக்கு வந்து பந்தியில் உட்கார்ந்திருந்த தங்கச்சி மகன் துள்ளி எழுந்தான். "மாமா, தள்ளிட்டுல்லா வந்திருக்கானுவ!"

பலவேசம் குனிந்து செயினைத் தடவிப் பார்த்தார். "வண்டி வரணும்னேன். ஓடி வரணும்னு சொன்னேனால? செயின் அறாம வந்த மொத வண்டி இதுதான். மாப்பிள்ளைக்கு ஒரு வேட்டி கொண்டாங்க!"

அந்த வாரமே அதே வாசலில் கல்யாணம். ஊர் திரும்பும் நேரம் வண்டியைச் சுற்றி நின்று எல்லோரும் ஆளை எண்ணிப் பார்த்தார்கள். அளவு மூணு ஆளுக்கு. இப்போது ஆள் நாலு.

தங்கக்கனிதான் வழி சொன்னாள். அப்பாவின் கருப்பட்டித் தராசைக் கொண்டுவரச் சொல்லி நாலு பேரையும் எடை போட்டாள். கொம்பையா அவளைவிட அதிகம். ஜெபசிங் குறைவு. சேர்மத்துரையும் அவளும் மட்டும் ஒரு குன்றிமணி பிசகாமல் சமம்.

"அப்ப நீங்க எறங்கிக்கிடுங்க," என்றாள் புருஷனிடம். "முன்னால இருந்த எடை முன்னாலயே இருக்கட்டும்."

சேர்மத்துரை மாலையைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கி நின்றான். தங்கக்கனி ஹேண்டிலைப் பிடித்து ஒரே உதையில் கிளப்பினாள். பின்னால் கொம்பையாவும் ஜெபசிங்கும் ஏறிக்கொண்டார்கள்.

வண்டி மணல்மேட்டில் ஏறும்போது சேர்மத்துரை கையைக் குவித்துக் கத்தினான். "ஏலே ஜெபசிங்கு! மூணு விரல் போகுதா?"

தலைகீழாகத் தொங்கியபடி ஜெபசிங் பதில் கொடுத்தான். "கச்சிதமாப் போகுது மாப்ள!"

சேர்மத்துரைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மாமனாரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "இனி எம் பொண்டாட்டியப் பத்திக் கவலையே இல்ல மாமா. நான் ஏறாதவரைக்கும் செயின் அறாது."