தொண்ணூற்றொரு மதிப்பெண்

அறவாழிக்கு வயது அறுபத்தொன்று. அவருடைய குரு ஞானாம்பிகைக்கு நாற்பத்து நான்குதான். ஆறு கடலில் சேரும் கழிமுகத்தின் ஓரத்தில் அவர் நடத்திவந்த சிறிய மடத்துக்கு அறவாழி மூன்று வருஷம் கழித்து வந்திருந்தார். கும்பிட்டுவிட்டு, தடித்த அறிக்கை ஒன்றை முன்னால் வைத்தார்.

"உலகச் சுற்றுச்சூழல் நிறுவனம் ஒன்று இந்தக் கழிமுகத்தைச் சுத்தப்படுத்தப் பத்து வருஷம் வேலை செய்தது, அம்மா. அதை மதிப்பிடும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்."

"எத்தனை மதிப்பெண் போட்டீர்கள்?"

"நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று."

குரு அறிக்கையைத் தொடவில்லை. எழுந்து நடந்தார். அறவாழி அதை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.

நீர் வற்றிய சேற்றில் கொளஞ்சி என்ற பெண் மட்டிச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இவளுக்கு வாசித்துக் காட்டுங்கள்," என்றார் குரு.

அறவாழி தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். பதினெட்டு நாடுகள் கூடிய மாநாடுகள். நாற்பது பயிலரங்குகள். குறித்த நாளில் முடிந்த ஆய்வுகள்.

கொளஞ்சி நிமிர்ந்து நின்று பொறுமையாகக் கேட்டாள். "எல்லாம் சரிங்க ஐயா. தண்ணி நல்லாயிடுச்சின்னு எங்க எழுதியிருக்கு?"

அறவாழி பக்கங்களைப் புரட்டினார். பாதியில் நிறுத்தினார்.

"அது... என்னை அளக்கச் சொன்னதில் இல்லையம்மா."

அவள் கோபப்படவில்லை. சேலையைச் சற்றே தூக்கி, முழங்கால் வரை வெந்துபோயிருந்த தோலைக் காட்டினாள். கூடையைச் சாய்த்தாள். விடிந்ததிலிருந்து கிடைத்தது ஒரு கைப்பிடி. அதிலும் பாதி செத்த ஓடு.

"அப்ப வேற யாராச்சும் அளப்பாங்க போல," என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

திரும்பும் வழியில் அறவாழி தானாகவே பேச்செடுத்தார்.

"எனக்கு இதெல்லாம் தெரியும் அம்மா. போன மாசம் அக்கரையில் இருபது பேர் இதே மாதிரி காலைக் காட்டினார்கள்."

"அறிக்கையில் கையெழுத்து?"

"முந்தாநாளே போட்டு அனுப்பிவிட்டேன். அதை வைத்து அடுத்த பத்து வருஷ வேலையும் அந்த நிறுவனத்துக்கே போகிறது."

"பிறகு எதற்கு வந்தீர்கள்?"

"சோறு இறங்கவில்லை. ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். மனசு கொஞ்சம் அடங்கட்டும்."

மடத்து வாசலில் குரு நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"கொளஞ்சி பத்து வருஷமாக நல்ல தண்ணீர் கேட்கிறாள். அவளுக்குக் கிடைத்த பிறகு வாருங்கள்."