ஏரி எல்லைக்கல்

எங்கள் ஊர் மாவட்டத் தலைநகரான வருஷம். புது ஆபீஸுக்கு ஏரியோரம் இடம் பார்க்க மறுநாள் கலெக்டர் வருகிறார். ஏரியின் எல்லைக்கல்லையோ காணோம்.

தாசில்தார் மாசிலாமணி, தலையாரி சுடலைமுத்துவைக் கூப்பிட்டுக் கத்தினார். “கல்லைக் காவல் காக்க வேண்டியவன் நீ. காலையில பத்து மணிக்குள்ள கண்டுபிடிக்கலேன்னா உன் வேலை போச்சு. கண்டுபிடிச்சாலும் தொடாதே. எல்லைக்கல்லை நகர்த்தினவனுக்கு ஜெயிலுதான்!”

கல் இருக்கும் இடம் சுடலைமுத்துவுக்குத் தெரியும். ஏரியைப் பார்த்து நிற்கும் தாசில்தார் வீட்டுக்குப் பின்னால், கொல்லையில், அதன்மேல்தான் துணி துவைக்கிறார்கள். சொன்னாலும் வேலை போகும், சொல்லாவிட்டாலும் போகும். ராத்திரி முழுக்க அவன் கண்ணை மூடவில்லை.

பத்து மணிக்குக் கலெக்டர் ஏரிக்கரையில் நின்று கேட்டார். “கல் கிடைச்சுதா?”

சுடலைமுத்து கைகட்டி நின்றான். “கிடைச்சுது ஐயா. உத்தரவுப்படி நான் தொடலை. கல் இருக்கிற இடந்தானே எல்லை? அதுலேர்ந்து அளந்துட்டேன். தாசில்தார் ஐயா வீடு மொத்தமும் ஏரிக்குள்ள வருது. இடிக்க ஆள் கூப்பிடட்டுங்களா?”

“ஐயோ, அந்தக் கல் அங்க இருந்ததே இல்லை! நான்தான் வண்டி வச்சு…” என்று அலறிய தாசில்தார் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

கொல்லையில் துணி துவைக்கும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.