புளி போட்டுத் துலக்கிய பதக்கம்

எல்லையில் சண்டை மூண்டிருந்த நாட்கள். குன்றின் மேலிருந்த சிற்றாலயத்துக்குச் சவுரியம்மாள் மூச்சிரைக்க ஏறி வந்தாள். அங்கே தனித்து வாழ்ந்த துறவி அமலோற்பவம் அவளைவிட இளையவள். ஆனாலும் சவுரியம்மாள் அவளைக் குருவாக ஏற்று ‘அம்மா’ என்றே அழைப்பாள். துறவிக்கு இவள் ‘அக்கா’.

“முதல்ல மூச்சை விடுங்க அக்கா. மலை எங்கயும் ஓடிடாது.”

சவுரியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு பதக்கத்தைப் படிக்கல்லின் மேல் வைத்தாள்.

“பளபளன்னு இருக்கே!”

“புளி போட்டுத் தேய்ச்சேன். நாளன்னைக்கு ஆளெடுப்பு. என் மகன் இன்னாசி இதைச் சட்டையில குத்திக்கிட்டுத்தான் போவானாம். முடியைக்கூட ஒட்ட வெட்டிட்டான். பட்டாளத்துல இன்னும் சேரவே இல்லை, அதுக்குள்ள அடுப்படியில எனக்கே சல்யூட் அடிக்கிறான்.”

துறவி சிரித்தாள். சவுரியம்மாள் சிரிக்கவில்லை.

“இவன் தாத்தா பர்மா சண்டையில வாங்கினதுன்னு சொல்லித்தான் வளர்த்தோம். போன மாசம் துலக்கினப்போ விளிம்புல எழுத்து தெரிஞ்சுது. வாங்கினவன் பேரை அங்கதான் வெட்டுவாங்க. பேரு வேற, அம்மா.”

வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கன்னியர் பள்ளியில் படித்தவள். மாமனார் உயிரோடு இல்லை. அதனால் அவரோடு பட்டாளத்தில் இருந்த ஒருவரை, வீட்டில் யாருக்கும் சொல்லாமல் தேடிக் கண்டுபிடித்துக் கேட்டிருந்தாள்.

“மாமா அங்க சமையல்காரராம். துப்பாக்கியே தொட்டதில்லையாம். இது சந்தியாகுன்னு ஒருத்தனோடது. பர்மாவுல ஒரு ஆத்தைக் கடக்கும்போது செத்துட்டான். சண்டை முடிஞ்சு, இது அவன் அம்மாவுக்கு வந்திருக்கு. துக்கம் கேட்கப் போன மாமா கையில அந்த அம்மா இதைத் திணிச்சு, ‘என் கண்ணுல படாம எங்கயாவது கொண்டுபோ’ன்னு சொல்லியிருக்காங்க.”

“இன்னாசிக்குத் தெரியுமா?”

“இன்னிக்குச் சொல்லிடப் போறேன். உன் தாத்தா சோறு வடிச்சவர்டா, இது அவர் வாங்கினதில்லைடான்னு. தலை குனிஞ்சு போவான். குனியட்டும். வீட்டில கிடப்பான்.”

“சோறு வடிச்சது தலைகுனிவா அக்கா?”

“அவனுக்கு அப்படி.”

“உங்களுக்கு?”

“எனக்கு எதுவும் வேண்டாம். அவன் உயிரோட இருந்தாப் போதும்.”

துறவி பதக்கத்தை எடுத்தாள். விளிம்பிலிருந்த பெயரின் மேல் விரலை மெல்ல ஓட்டினாள்.

“அந்த அம்மா இருக்காங்களா?”

“இருக்காங்க. நம்ம ஊர் ஆத்துக்கு அக்கரையில. கண் சரியாத் தெரியாதாம்.”

“நடந்ததை எல்லாம் இன்னாசிகிட்டச் சொல்லுங்க. அவனைக் குனிய வைக்கிறதுக்காகச் சொல்லாதீங்க. சொல்லிட்டு, நாளைக்கு அங்க அனுப்புங்க.”

“திருப்பிக் கொடுக்கவா? கண்ணுல படக்கூடாதுன்னவங்ககிட்டயா?”

“கொடுக்க வேண்டாம். வெளியே எடுக்கவும் வேண்டாம். பைக்குள்ளயே இருக்கட்டும். உங்க மகன் பதக்கத்தைக் குத்திக்கிட்டு நான் பட்டாளத்துக்குப் போகட்டுமான்னு அவங்களைக் கேட்கட்டும்.”

சவுரியம்மாளின் முகம் மலர்ந்தது. “போகாதேன்னுதான் சொல்லுவாங்க!”

“சொல்லலாம்.”

“ஆமா, வேற என்ன சொல்லிடப் போறாங்க?”

துறவி பதக்கத்தின் விளிம்பை அவள் பக்கம் திருப்பினாள். சவுரியம்மாளின் முகம் மெல்ல மாறியது.

“அவங்க சொன்னதைக் கேட்ட பிறகும் அவன் போனா?”

“தெரிஞ்சு போவான்.”

கீழே சாலையில் ராணுவ லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கடைசி லாரி வளைவில் மறையும்வரை சவுரியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவனைத் தடுக்க வழி கேட்டுத்தான் வந்தேன், அம்மா.”

“தெரியும்.” துறவி பதக்கத்தை அவள் முந்தானையிலேயே முடிந்துவிட்டாள். “நீங்களும் கூடப் போங்க அக்கா. அவன் கேட்கும்போது, அந்த அம்மா பக்கத்துல உட்கார்ந்திருங்க.”