மாசிலாமணிக்காக ஓர் ஆமென்

"இனி ஒரு நாள்கூட அந்த மனுஷனோட ஒரே அறையில இருக்க முடியாதம்மா. மகள் வீட்டுக்கே போயிடுதேன்."

ஜெபநேசன் பையோடுதான் வந்து நின்றார்.

ஜெப ஆசிரமத்தை நடத்திவந்த தபித்தாளம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஜெபநேசனைவிட இருபது வயது இளையவர்.

"மாசிலாமணி அண்ணாச்சி என்ன செஞ்சாங்க?"

"என்ன செய்யலைன்னு கேளுங்க. விடியுமுன்ன பாட்டு. பாட்டு ஒரு பக்கம் போவுது, ராகம் ஒரு பக்கம் போவுது. படுத்தா குறட்டை. கஞ்சி மொண்டா பருக்கையெல்லாம் அவரு தட்டுல, எனக்கு வெறும் தண்ணி."

"சரி, போயிட்டு வாங்க. நம்ம வழக்கம் தெரியும்லா?"

தெரியும். ஆசிரமத்தை விட்டுப் போகிறவர் சாயங்கால ஜெபத்தில் எழுந்து நின்று, அங்கே உள்ள ஒவ்வொருவருக்காகவும் ஒரு காரணம் சொல்லி ஆண்டவருக்கு நன்றி செலுத்த வேண்டும். சொன்னது உண்மையென்று பட்டால் எல்லோரும் ஆமென் சொல்வார்கள். படாவிட்டால் சொல்லமாட்டார்கள்.

ஆமென் வாங்காமல் போகிறவரை யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் அப்படிப் போனால் மகள் வீட்டில் தனக்குச் சோறு இறங்காது என்று ஜெபநேசனுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் மற்றவர்களுக்கெல்லாம் மளமளவென்று ஆமென் விழுந்தது. மிச்சம் ஒருவர்தான்.

"மாசிலாமணி அண்ணாச்சியின் இனிமையான குரலுக்காக ஸ்தோத்திரம்."

ஒரு சத்தமும் இல்லை.

மாசிலாமணியே ஆமென் சொல்லவில்லை.

ஜெபநேசன் பையை அறைக்குத் திருப்பி எடுத்துப்போனார். மறுநாள் வேறு மாதிரி முயன்றார்.

"மாசிலாமணி அண்ணாச்சி வாயை மூடியிருக்கும் நேரங்களுக்காக ஸ்தோத்திரம்."

யாரோ சிரித்துவிட்டார்கள். தபித்தாளம்மா சிரிக்கவில்லை.

"இது முறுமுறுப்புதான் அண்ணாச்சி. வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு வந்திருக்கு."

அதன்பிறகு ஜெபநேசன் மாசிலாமணியைக் கவனிக்க ஆரம்பித்தார். தோட்டத்துக்குப் போனால் பின்னாலேயே போனார். துணி துவைத்தால் எதிரே உட்கார்ந்து பார்த்தார். துவைக்கும்போதும் பாடினார் மாசிலாமணி.

பிறகு பாட்டை நிறுத்தி, வேட்டியைப் பிழிந்தபடி கேட்டார்.

"என்ன அண்ணாச்சி, ஏதாவது தட்டுப்பட்டுதா?"

"இல்லை."

"நானும் ராத்திரி முழுக்க உங்களுக்காக யோசிச்சுப் பாத்தேன்."

"ராத்திரி முழுக்கக் குறட்டைல்லா விட்டீரு?"

"அதுக்கு நடுவுலதான்."

வேட்டியை உதறினார்.

"எனக்கே ஒண்ணும் தட்டுப்படலை, அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரி இருந்தா ஏதாவது சொல்லியிருப்பா."

ஜெபநேசன் எழுந்து வேட்டியின் மறுமுனையைப் பிடித்துக் கொடியில் போட்டார்.

சாயங்காலம் ஜெபத்தில் அவர் மறுபடி எழுந்து நின்றார்.

"மாசிலாமணி அண்ணாச்சி எனக்காகத் தன்னிடத்தில் ஒரு நல்லதைத் தேடிப் பார்த்தாரே, அதற்காக ஸ்தோத்திரம்."

ஆமென் கூரையை இடித்தது. எல்லோரும் முடித்த பிறகும் மாசிலாமணியின் ஆமென் மட்டும் தனியாக எங்கோ போய்க்கொண்டிருந்தது.

காலையில் தபித்தாளம்மா வாசல்வரை வந்தார்.

"பஸ் வர்ற நேரம். சந்தோஷமா போயிட்டு வாங்க. மாசிலாமணி அண்ணாச்சிக்குத்தான் இன்னும் வழி பிறக்கலை."

"அவருக்கு என்ன?"

"அவங்களும் போகணும்னு கேட்டிருக்காங்க. நீங்க வந்து சேர்ந்த மறுநாளே கேட்டுட்டாங்க."

"பின்னே ஏன் போகலை?"

"மத்த எல்லாருக்கும் காரணம் யோசிச்சு வச்சிருக்காங்க. உங்க பேருலதான் நிக்குது, அதான் ஜெபத்துல இன்னும் எந்திரிக்கலை."

ஜெபநேசன் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே, அந்த மனுஷன்."

"சொன்னா முறுமுறுப்பா ஆயிடுமோன்னு பயப்படுதாங்க."

தூரத்தில் பஸ் ஹாரன் அடித்தது. ஜெபநேசன் பையைக் கீழே வைத்தார்.

"பாவம், ஒத்தையில கிடந்து திண்டாடுதாரு. நான் கூட இருந்து தேடிக் குடுத்துட்டே போறேன்."

தபித்தாளம்மா பையைத் தூக்கிப் பார்த்தார். கனமே இல்லை.

"மழைக்காலத்துக்கும் சேர்த்துத் துணி அனுப்பச் சொல்லி மகளுக்கு ஒரு போன் போட்டுருங்க, அண்ணாச்சி."