திரையில ஒத்த ‘புரியல’

தீர்ப்புச் சொல்ல நாக்கு ஊறுறவங்க மட்டும் இதக் கேளுங்க. மத்தவங்க போய்ச் சாப்புடுங்க.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜு. ரெண்டாம் வருஷத்துக்கு சர்க்யூட் பாடம் எடுக்குறவங்க உமையாள் மேடம். "புரிஞ்சுதா?"ன்னு கேட்டா மொத்தக் கிளாஸும் "புரிஞ்சுது மேடம்"னு கோரஸ் பாடும். பேப்பரத் திருத்தினா ஒரு மண்ணும் புரிஞ்சிருக்காது. வெறுத்துப் போயி, பசங்க போன்ல ஒரு ஆப் போட வச்சாங்க. அதுல ஒரே ஒரு பட்டன்: ‘புரியல’. அழுத்தினா எத்தன பேருன்னு போர்டு பக்கத்துத் திரையில வரும். யாருன்னு வராது.

"யாருன்னு பாக்கணும்னா என்னால பாக்க முடியும். சத்தியமா பாக்க மாட்டேன்"னாங்க மேடம். "ஒருத்தர் அழுத்துனாலும் வேற மாதிரி மறுபடி சொல்வேன். நான் சொன்ன விதத்துல என்ன கோளாறுன்னு எனக்கும் தெரியணும்ல."

கொஞ்ச நாள் வெறும் சைபர்தான். அப்புறம் ஒருநாள் 1 வந்துச்சு. அழுத்துனது ஜெனிட்டா.

ஜெனிட்டாவுக்கு வாய் ஜாஸ்தி. மொத வருஷத்துலயே ரூம்மேட்டோட சண்ட, வார்டனோட சண்ட. எல்லாச் சண்டையிலயும் நியாயம் அவ பக்கம்தான். ஆளுதான் ஒருத்தரும் அவ பக்கம் இல்ல. பெஞ்சுல பை வைக்க எடம் தாராளமாக் கெடைக்கும். அன்னிக்கு அவளுக்கு நெசமாவே பாடம் புரியல. மேடம் திரையப் பாத்தாங்க, சாக்பீஸக் கீழ வச்சாங்க.

"அந்த ஒருத்தருக்காகச் சொல்றேன். டவுன் பஸ்ல ஒரு வாசல் இருந்தா எறங்க எவ்வளவு நேரமாகும்? ரெண்டு வாசலும் தெறந்தா? பேரலல் சர்க்யூட்டுல கரண்டும் அப்பிடித்தான், வழி கூடினா லேசாப் போகும்."

அந்த ஒருத்தர். காலையில எந்திரிச்சதுல இருந்து அவகிட்ட ஒரு மனுஷி பேசுனது அதுதான் மொத தடவ.

அதுக்கப்புறம் அவ பாடத்த முன்கூட்டியே படிச்சிட்டு வந்தா. மேடம் மொத தடவ சொல்லும்போதே எல்லாம் புரிஞ்சுது, டெஸ்ட்லயும் மொத மார்க். புரிஞ்சும் அழுத்துனா. தெனமும் திரையில 1. தெனமும் "அந்த ஒருத்தருக்காக."

மாடல் எக்ஸாம் நெருங்கிருச்சு, தெனமும் ரெண்டு தடவ நடத்துனதுல போர்ஷன் முடியல. கிளாஸ் கொதிச்சுது. எல்லாக் கண்ணும் கடைசி பெஞ்சு தவசி மேலதான் போச்சு. தமிழ் மீடியத்துல படிச்சவன், இங்கிலீஷ்ல ரெண்டு வரி சேந்தாப்ல வந்தா முழிப்பான். வேற யாரா இருக்கும்? கிளாஸ் ரெப்பு ரோஷன் லேப்ல எல்லாரு முன்னாடியும் வச்சுக் கேட்டான்.

"ஏல, டெய்லி அமுக்குறது நீதான?"

தவசி கையில இருந்த வயரக் கீழ வச்சான். "ஆமா, நான்தான். எனக்குப் புரியல. இப்ப என்னல?"

"ஒனக்கு ட்யூஷன் எடுக்கவால நாங்க ஃபீஸ் கட்டிருக்கோம்?"

அன்னிக்கே அவன லேப் குரூப்ல இருந்து தூக்குனாங்க. மெஸ்ல அவன் தட்ட வச்சா, பக்கத்துல இருக்குறவன் தன் தட்ட எடுத்துக்கிட்டு எந்திரிச்சான்.

ஜெனிட்டாவுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அவளுக்குன்னு இருந்தது அந்த ஒத்த நம்பரு. அதையும் ஒருத்தன் தூக்கிட்டுப் போயிட்டான்! பைக் ஸ்டாண்டுல அவன மடக்குனா.

"எதுக்குல பொய் சொன்ன? நீ வச்சிருக்கதே பழைய பட்டன் போனு. அதுல எங்க இருக்கு ஆப்பு?"

தவசி சிரிச்சான். "இத்தன பேரு இருக்கானுவ, ஒருத்தனும் அதப் பாக்கல பாத்தியா? அப்ப அது நீதான?"

சண்டைக்கு வந்தவ, கையில இருந்த போனப் பின்னாடி மறைச்சா. அவளுக்கே அது புதுசு.

"மேடம் மொத தடவ சொல்றது எனக்கு ஏறவே மாட்டேங்குது. மறுபடி சொன்னாதான் ஏறுது. அவனுவ அழுத்துற ஆளக் கண்டுபிடிச்சா, அந்த ஆளு நிப்பாட்டிரும்னுதான் பொய் சொன்னேன். அப்புறம் எனக்கு யாரு மறுபடி சொல்லுவா? ஏற்கெனவே அரியர் கெடக்கு. இந்தப் பேப்பரும் போச்சுன்னா வீட்டுல படிப்ப நிறுத்திருவாங்க."

ஜெனிட்டா நேரா மேடத்துக்கிட்ட போனா. "அழுத்துறது தவசி இல்லன்னு ஒரு வார்த்த கிளாஸ்ல சொல்லுங்க மேடம்."

"அதுக்கு நான் யாருன்னு பாக்கணுமேம்மா. பாத்தேன்னு தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தரும் அழுத்த மாட்டாங்க. சத்தியம் பண்ணிருக்கேன்."

‘நான்தான்’னு அவளே சொல்லிட்டா? டெஸ்ட்ல மொத மார்க் வாங்குறவளுக்குப் புரியலையாம்னு சிரிப்பாங்க. பட்டனே ஏமாத்துன்னு எடுக்கச் சொல்லுவாங்க. தவசி படிப்பு போயிரும். அழுத்தாம விட்டாலும் போயிரும். அழுத்திக்கிட்டே இருந்தா, அவன் தனியாவே சாப்புடணும். தனியாச் சாப்புடுற சோறு எப்பிடி எறங்கும்னு அவளுக்குத் தெரியாதா?

மறுநாள் வகுப்பு. மேடம் பாடத்த முடிச்சிட்டுத் திரையப் பாத்தாங்க. சைபர். ஜெனிட்டாவோட கட்டவெரல் போன் மேல நிக்குது. பின்னாடி தவசி நிமிந்து திரையவே பாத்துக்கிட்டிருக்கான்.

இப்பச் சொல்லுங்க. சத்தியத்தக் காப்பாத்துன மேடம், பழிய வாங்கிக்கிட்ட தவசி, புரிஞ்சும் அழுத்துன ஜெனிட்டா. இதுல யார் செஞ்சது சரி? அவ இப்ப அழுத்தணுமா, வேண்டாமா?

விடை: மேடம் காப்பாத்துனது பட்டன. பையன விட்டுட்டாங்க. ஜெனிட்டா அழுத்துனது இன்னொருத்தனுக்கு உதவுச்சுங்குறது தற்செயலு, அவ அவளுக்காகத்தான் அழுத்துனா. தவசி ‘நான்தான்’னு சொன்னது பொய். ஆனா ‘எனக்குப் புரியல’ன்னு லேப்ல அத்தன பேரு முன்னாடி மூஞ்சியக் காட்டிச் சொன்னவன் அவன் ஒருத்தன்தான். அப்பிடிச் சொல்லப் பயந்துதான பட்டனே வந்துச்சு? அதனால சரி அவன் பக்கம். ஜெனிட்டாவும் இந்த முடிவுக்குத்தான் வந்தா போல. போன உள்ள போட்டா, பையத் தூக்கிக்கிட்டுக் கடைசி பெஞ்சுல போய் உக்காந்தா, கைய ஒசத்துனா. "மேடம், எங்க ரெண்டு பேருக்கும் புரியல."