சீமைச்சாமியின் பேட்டரி பெண் பார்க்கப் போனது

ஓணாம்பட்டிக்காரர்களிடம் கெட்ட பழக்கம் என்று எதுவும் கிடையாது. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். ஊரைக் கெடுத்தது அது ஒன்றுதான்.

அந்த ஊரில் சீமைச்சாமி என்று ஒருவர் இருந்தார். வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது, கல்யாணம் ஆகவில்லை. சொத்து என்று பார்த்தால் பெரியப்பா விட்டுப்போன மோட்டார் சைக்கிள் ஒன்று. வெள்ளைக்காரன் காலத்து வண்டி. நிறுத்தி வைத்தால் ராஜா மாதிரி இருக்கும், ஓட்டினால்தான் மானம் போகும். ஹாரன் கொசு மாதிரி முனகும். விளக்கைப் போட்டால் பீடி நுனி அளவுக்கு வெளிச்சம் வரும்.

அவருக்குக் கருத்தமலையில் ஒரு வரன் வந்தது. பெண்ணின் பெயர் செங்கமலம். அவளுடைய அப்பா பெத்தணசாமி கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"பழைய வண்டிய நல்லா வச்சுக்கிறவன் பொண்டாட்டியையும் நல்லா வச்சுக்குவான். புதன்கிழம காலையில அந்த வண்டி மேல உக்காந்து எங்க வாசலுக்கு வரச் சொல்லுங்க. வரலேன்னா ஏற்கெனவே பொண்ணு பாத்துட்டுப் போன ஆத்தூர்க்காரனுக்குப் பேசி முடிச்சிருவேன்."

இதுவும் தட்டிப்போனால் அப்புறம் நமக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று சீமைச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை. பாவமாகத்தான் இருந்தது. அவருக்கு இரண்டு கூட்டாளிகள். குருநாதன் யோசிக்கிறவர், பால்பாண்டி சந்தேகப்படுகிறவர். மூன்று பேரும் மெக்கானிக் தாவூது பாய்க்குப் போன் போட்டார்கள். பாய் வெளியூரில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். பேண்டு வாத்தியம் காதைப் பிளந்தது.

"பேட்டரியில தண்ணி மேல் கோட்டத் தொடணும்," என்று கத்தினார் பாய். "கரண்டு மீட்டர் முள்ள இடது பக்கம் சாய விடாதீங்க. சாஞ்சா கரண்டு வெளிய போகுதுன்னு அர்த்தம். அப்படிச் சாஞ்சா டைனமோவுல..."

அதற்கு மேல் பேண்டுதான் கேட்டது. ஆனால் இரண்டு வேலை கிடைத்துவிட்டதே என்று அவர்களுக்கு நிம்மதி.

பேட்டரியைக் குனிந்து பார்த்தார்கள். தண்ணீர் கோட்டுக்குக் கீழே கிடந்தது.

"ஊத்துவமா?" என்றார் பால்பாண்டி.

"பாய் ஊத்தச் சொன்னாரா?"

"இல்ல. தொடணும்னாரு."

"அப்பத் தொட வைப்போம்," என்றார் குருநாதன்.

வண்டியை இடப்பக்கமாகச் சாய்த்தார்கள். சாயச் சாயத் தண்ணீர் ஏறி, ஒரு ஓரத்தில் கோட்டைத் தொட்டது. மூன்று பேரும் கண்ணால் பார்த்தார்கள்.

"அந்த ஓரம் எறங்கிருச்சேண்ணே," என்று பால்பாண்டி சந்தேகப்பட்டார்.

"ரெண்டு ஓரமும் தொடணும்னு அவரு சொல்லலியே."

அது நியாயமாகப் பட்டது. இனி வண்டி எங்கே போனாலும் இதே சாய்வில்தான் போக வேண்டும் என்று முடிவாயிற்று.

அடுத்தது மீட்டர். சீமைச்சாமி உதைத்து உதைத்து ஒருவழியாக வண்டியைக் கிளப்பித் தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தார். முள் ஒரேயடியாக இடது பக்கம் சாய்ந்து படுத்துவிட்டது. கரண்டு வெளியே போகிறது. எங்கே போகிறது என்று பால்பாண்டி வண்டிக்குப் பின்னாலேயே ஓடிப்போய்த் தரையில் தேடினார். ஒன்றும் சிந்தியிருக்கவில்லை.

"முள்ளுக்குப் பசை தடவி வலது பக்கம் ஒட்டிருவமா?" என்றார்.

"பொண்ணு கேட்டுப் போற எடத்துல பொய் சொல்லக் கூடாது," என்று குருநாதன் கண்டித்தார். பிறகு கண்ணை மூடி யோசித்தார். "சீமைச்சாமி, வண்டி எந்தப் பக்கம் போறப்பக் கரண்டு வெளிய போச்சு?"

"முன்னாலதான்."

"அப்பப் பின்னால போனா?"

இதுவரை யாருக்கும் தோன்றாத யோசனை. உடனே வண்டியை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, பின்பக்கமாகத் தள்ளிப் பார்த்தார்கள். முள் நட்டநடுவில் நின்றது. தெருக்கோடி வரை தள்ளினார்கள், இம்மி அசையவில்லை. சீமைச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியப்பா காலத்திலிருந்து முன்பக்கமாகவே ஓட்டிப் பாழாக்கிவிட்டோமே என்று வருத்தம் வேறு.

புதன்கிழமை காலையில் புறப்பட்டார்கள். சீமைச்சாமி வெள்ளை வேட்டி கட்டி, இடப்பக்கம் சாய்த்த வண்டி மேல் உட்கார்ந்திருந்தார். முன்னால் நின்று இருவரும் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ள, வண்டி பின்பக்கமாகக் கருத்தமலைக்குப் போனது.

வழியில் ஒரு டவுன் பஸ் அவர்களுக்குப் பின்னால் வந்து மாட்டிக்கொண்டது. முந்த இடமில்லை. சீமைச்சாமியும் பஸ் டிரைவரும் நேருக்கு நேர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வெகுதூரம் போனார்கள். டிரைவருக்குத்தான் கூச்சமாகப் போயிற்று. பேச்சு வார்த்தை இல்லாமல் எவ்வளவு நேரம் பார்ப்பது என்று, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். "பொண்ணு வீட்லதான்," என்றார் சீமைச்சாமி.

கருத்தமலையில் பெத்தணசாமி வாசலில் காத்திருந்தார். தூரத்தில் வண்டி தெரிந்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"என்னம்மா இது, முதுகக் காட்டிக்கிட்டுப் போறாங்க? வாசலுக்கே வராமக் கோவிச்சுக்கிட்டாங்களா?"

செங்கமலம் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். "போகலப்பா. வர்றாங்க. பெருசாகிட்டே வர்றாங்க பாருங்க."

வண்டி வாசலில் வந்து நின்றது. பெத்தணசாமி சுற்றி வந்து பார்த்தார். புகை இல்லை, சத்தம் இல்லை, எஞ்சின் மேல் கை வைத்தால் சூடுகூட இல்லை. அவர் அசந்துபோனார்.

"இந்த வயசுல ஒரு வண்டி இவ்வளவு அமைதியா வருதுன்னா, எப்படி வச்சிருக்கணும்," என்றார். ஆனாலும் உடனே வாக்குக் கொடுக்கவில்லை. ஆத்தூர்க்காரனுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன், யோசித்துச் சொல்கிறேன் என்றார். சீமைச்சாமி காபி டம்ளரைப் பாதியிலேயே கீழே வைத்தார்.

கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். திரும்பும்போதும் பின்பக்கமாகத்தான் போக வேண்டும், அதில் சந்தேகமில்லை. எனவே வண்டியின் முகத்தை வீட்டைப் பார்த்து நிறுத்தி, இருவரும் தள்ளினார்கள். சீமைச்சாமி அழாத குறையாக வாசலையே பார்த்துக்கொண்டு போனார். தெரு தாண்டியும் பார்த்தார், குளக்கரை தாண்டியும் பார்த்தார்.

பெத்தணசாமிக்கு மனசு தாங்கவில்லை.

"ஆத்தூர்க்காரன் காபியக் குடிச்சான், படக்குன்னு முதுகக் காட்டிட்டுப் போனான். இவரு புளியந்தோப்பு திரும்புற வரைக்கும் நம்ம வீட்டவிட்டு முகத்தத் திருப்பல. இப்படி மரியாத தெரிஞ்ச மாப்பிள்ளை எங்க கிடைக்கும்?"

அன்றைக்கே வெற்றிலை பாக்கு அனுப்பிச் சம்மதம் சொல்லிவிட்டார். சீமைச்சாமி வாங்கின கையோடு வண்டிக்குத்தான் முதலில் பொட்டு வைத்தார்.

முகூர்த்த நாள் மட்டும் இன்னும் குறிக்கவில்லை. செங்கமலம் ஒரு கேள்வி கேட்டுவிட்டாள்.

"அப்பா, அந்த வண்டியில பின்னால உக்காந்தா, எந்த ஊருக்குப் போனாலும் அவருக்கு முன்னாடி நான் போய்ச் சேந்துருவேன். புருஷனுக்கு முந்திப் போறது நல்லாவா இருக்கும்?"

இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூடி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவருக்கு முன்னால், பெட்ரோல் டாங்க் மேல் செங்கமலத்துக்கு ஒரு சீட்டு வைப்பது என்கிற அளவுக்கு வந்திருக்கிறது.